மழைநீரில் நின்ற என்ஜின்: பழுது நேர்ந்தது எப்போது?

2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2015 டிசம்பரில் சென்னையும், 2022 செப்டம்பரில் பெங்களூருவின் பல பகுதிகளும் நீரில் மூழ்கின. மூன்று நகரங்களிலும் வெள்ளம் வடிந்தபின், இழுத்துவரப்பட்ட கார்கள் பழுதுநீக்கும் நிலையங்களின் வாசலில் வரிசையாக நின்றன. வண்டியைத் துடைத்து உலர்த்துவது சில நாள் வேலை. என்ஜின் கெட்டதற்குக் காரணம் யார் என்ற வாதமோ மாதக்கணக்கில் நீண்டது. சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீண்டது.

இவ்வாதம் காப்பீட்டு நிறுவனத்துடன் மட்டும் நிகழ்வதில்லை. கார் உரிமையாளர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இது எழுகிறது. ஒரே குடியிருப்பைச் சேர்ந்த இருவர் ஒரே மாலையில் ஒரே சாலை வழியாக வீடு திரும்பினர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய கார் நலமாக வந்து சேர்ந்தது. மற்றவருடையது பாதி வழியில் நின்றது. “நானும் அதே தண்ணீரில்தான் சார் வந்தேன். என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே! நின்றதும் நீங்கள் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்திருப்பீர்கள்” என்பார் முன்னவர். “சாவியையே தொடவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘டக்’கென்று நின்றுவிட்டது” என்பார் பின்னவர். மூன்றாமவர் ஒருவர், அந்த மாடலே அப்படித்தான் என்று தயாரிப்பாளர்மீது பழியைப் போடுவார். மூவரும் உறுதியாகவே பேசுவர். என்ஜினைத் திறந்து பார்த்தவர் மூவருள் ஒருவரும் இல்லை.

என்ஜினுக்குள் நீர் புகும்போது நிகழ்வதைத் தெரிந்துகொண்டால் இந்த வாதத்தின் பாதி தெளிந்துவிடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளிழுக்கிறது. மேலே ஏறும்போது அதனை அழுத்துகிறது. காற்று அழுந்தக்கூடியது. நீர் அவ்வாறு அழுந்தாது. 1200 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய பெட்ரோல் என்ஜின் ஒன்றைக் கருதுவோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் நகரும் இடம் 300 சி.சி. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று எனில், பிஸ்டன் உச்சியை எட்டும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 சி.சி. மட்டுமே. அது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றே அதிகம். அதைவிடக் கூடுதலான நீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் உச்சிக்குச் செல்ல வழியில்லை. அழுத்த விகிதம் மிகுந்த டீசல் என்ஜின்களில் இந்த இடம் இன்னும் குறுகியது.

மேலே செல்ல முடியாத பிஸ்டனைக் கீழிருந்து கிராங்க் தண்டு தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு நடுவில் அகப்பட்டு வளைகிறது அல்லது முறிகிறது. மெக்கானிக்குகள் இதனை ‘ஹைட்ரோ லாக்’ என்பர். காப்பீட்டு ஆவணங்களில் ‘ஹைட்ரோஸ்டாடிக் லாக்’ என்று இருக்கும். முறிந்த ராடு பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் என்ஜின் பிளாக்கையே மாற்ற வேண்டியதாகும். செலவு இலட்சங்களில் சென்று நிற்கும்.

அவ்வளவு நீர் எப்படி உள்ளே போகிறது? மேற்சொன்ன என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் முழுத் திறனில் இயங்கினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1200 லிட்டர், அதாவது நொடிக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கும். காற்றுக் குழாயின் வாய் கணநேரம் நீரில் மூழ்கினாலும் ஊறு விளைவதற்கு வேண்டிய நீர் உள்ளே சென்றுவிடும். அந்த வாய் பெரும்பாலான கார்களில் முன்பக்கத்தில், முகப்பு விளக்கை ஒட்டியோ பானட்டின் முன்விளிம்புக்குக் கீழேயோ அமைந்திருக்கும். அதன் உயரம் மாடலுக்கு மாடல் மாறுபடும். வெளிப்பார்வைக்கு உயரமாகத் தோன்றும் வண்டியில் அவ்வாயும் உயரத்தில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அண்டைவீட்டாரின் கார் தப்பியதும் இதனால் விளங்கும். இருவரும் கடந்தது ஒரே நீர்தான்; ஆயினும் குழாயின் வாய் ஒரே உயரத்தில் இல்லை. ஒருவர் முதல் கியரில் மெல்ல ஊர்ந்திருப்பார். மற்றவர் விரைந்து கடந்துவிட எண்ணி, வண்டியின் மூக்குக்கு முன்னால் அலையை எழுப்பியிருப்பார். எதிரே வந்த பேருந்து தள்ளிவிட்ட அலை ஒருவர்மீது மட்டும் மோதியிருக்கலாம். முழங்கால் அளவே இருந்த நீர் அந்த ஒரு நொடியில் பானட்டைத் தொட்டிருக்கும். ஆகவே, ‘என் வண்டி கடந்தது’ என்னும் கூற்று அவ்வண்டியைப் பற்றிய செய்தியே அன்றி, அடுத்தவர் வண்டி நின்றதற்கான விளக்கம் ஆகாது.

நீர் புகுந்தது என்பதில் பெரும்பாலும் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை. ஈரமான ஏர் ஃபில்டரே அதற்குச் சாட்சி. வழக்கின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது: நீர் உள்ளே இருந்தபோது என்ஜினைச் சுழற்றியது எது? ஓடிக்கொண்டிருந்த என்ஜின் தானே நீரை விழுங்கிச் சிக்கியதா? நின்றுபோன வண்டியை உரிமையாளர் மீண்டும் கிளப்ப முயன்றாரா? இல்லையேல், நிறுத்தி வைத்திருந்த வண்டிக்குள் இரவெல்லாம் நீர் கசிந்து, காலையில் ஒருவர் சாவியைத் திருப்பினாரா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றின் முடிவும் ஒன்றே. இழப்பீட்டைப் பொறுத்தவரை அவை மூன்று வேறு நிகழ்வுகள்.

நல்வாய்ப்பாக, இம்மூன்றும் என்ஜினுக்குள் விட்டுச்செல்லும் தடயங்கள் பெரும்பாலும் வெவ்வேறானவை. முதலில் ராடைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்றும் வேகம் நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்று வரை. சாலையில் ஓடும் என்ஜினின் வேகம் 2000 சுற்று என்று கொண்டால், அது ஏறக்குறைய எட்டு மடங்கு. சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், ராடு தாங்க வேண்டிய அடி அறுபது மடங்கைத் தாண்டும். எனவே, கடுமையாக வளைந்த அல்லது முறிந்த ராடு, குறிப்பாக ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில் காணப்பட்டால், என்ஜின் ஓட்டத்தில் இருந்தபோதே நீரை விழுங்கியது என்ற கூற்றுக்கு வலுச் சேர்க்கிறது. ஸ்டார்ட்டரால் மட்டும் நேரும் சேதம் பொதுவாகச் சிறு வளைவோடு நிற்கும். பல வேளைகளில் என்ஜின் சுழலாமல் அடைத்துக்கொள்வதோடு முடியும். ஆயினும் இதனை மாறாத விதியாகக் கொள்ளலாகாது. ஒரு சிலிண்டரில் மட்டும் நீர் இருந்து, மற்றவை எரியத் தொடங்கிவிட்டால், ஸ்டார்ட் செய்யும் முயற்சியிலும் ராடு முறியக்கூடும். ஒற்றைத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கையும் சர்வேயரையும் ஒருங்கே ஐயுறுவது நல்லது.

அடுத்தது சிலிண்டரின் உட்சுவர். வண்டி நீரில் அசையாமல் பல மணி நேரம் நின்றிருந்தால், பிஸ்டன் வளையங்கள் தங்கிய இடத்தில் துருக்கோடு ஒன்று படியும். கோடு இருந்து ராடு நேராகவும் இருப்பின், நீர் புகுந்தபின் அந்த என்ஜின் சுழலவில்லை என்று கருத இடமுண்டு. உரிமையாளருக்கு இதனினும் நல்ல சாட்சி அரிது. இதற்கு மாறாக, ராடு வளைந்த பின்னரும் என்ஜின் சில காலம் ஓடியிருந்தால், ராடு குட்டையாகிவிட்டபடியால் பிஸ்டன் பழைய உயரத்தை எட்டாது; சுவரின் மேற்பகுதியில் படியும் கரிப்பட்டை அந்தச் சிலிண்டரில் மட்டும் அகன்று தெரியும்.

கடைசியாகச் சொன்ன இந்நிலைதான் மிகுந்த மனக்கசப்பை விளைவிப்பது. வெள்ளத்தில் நின்ற காரை ஒர்க்‌ஷாப் உலர்த்தி, ஆயில் மாற்றி, ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கிறது. சில வாரங்களோ சில ஆயிரம் கிலோமீட்டரோ கழித்து, வறண்ட சாலையில், வெயில் காயும் பகலில், பெருஞ்சத்தத்துடன் ராடு முறிகிறது. “மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று காப்பீட்டாளர் வினவுவார். “ஒப்படைக்கும்போது நன்றாக ஓடியதே” என்று ஒர்க்‌ஷாப் கைவிரிக்கும். மில்லிமீட்டர் அளவில் வளைந்த ராடு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டுச் சுமையைத் தாங்கித் தாங்கித் தளர்ந்தே முறிகிறது. வெள்ளத்துக்குப் பிந்திய பழுதுநீக்கத்தின்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, அந்த எண்களை எழுத்தில் தருமாறு கேட்டுப் பெறுவதே இதற்குக் காப்பு. ஒரு சிலிண்டரின் அளவு மட்டும் தாழ்ந்திருந்தால் என்ஜினைத் திறக்கச் சொல்லலாம். ஆயில் மாற்றுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இச்சோதனைக்கு ஆகும் செலவு பெரிதன்று.

மற்றொரு சாட்சி வண்டியின் கணினி. பழுது ஏற்படும் கணத்தில் என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுழன்றது, வண்டி நகர்ந்துகொண்டிருந்ததா என்பன போன்ற விவரங்களைப் பழுதுக் குறியீட்டுடன் அது சேமித்து வைப்பதுண்டு. சில வண்டிகளில் பேட்டரித் தொடர்பைத் துண்டித்தாலே அது அழிந்துவிடும். பழுதுக் குறியீடுகளை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது பல ஒர்க்‌ஷாப்களின் வழக்கம். நீக்குமுன் அவற்றைப் படியெடுக்கச் சொல்வது வாடிக்கையாளரின் பொறுப்பாகிவிட்டது. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியுள்ள கார்களில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஓட்டுநர் சாவியையோ பொத்தானையோ தொடாமலேயே என்ஜின் நீருக்குள் மீண்டும் கிளம்ப முயலக்கூடும். நீர் தேங்கிய சாலையில் நுழையுமுன் அவ்வசதியை அணைத்துவிட வேண்டும்.

இனி, காப்பீட்டுப் பத்திரம் கூறுவதைக் காண்போம். மோட்டார் வாகனச் சட்டம், 1988 கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டுமே. அதை மட்டும் வைத்திருப்பவருக்குத் தமது வண்டியின் வெள்ளச் சேதத்திற்கு ஒரு ரூபாயும் கிட்டாது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுமைக் காப்பீட்டில் வெள்ளம், புயல், நீர் சூழ்தல் ஆகியன தெளிவாக இடம்பெற்றுள்ளன. அதே பத்திரம் தேய்மானம், இயந்திரக் கோளாறு, தொடர்விளைவாக நேரும் இழப்பு ஆகியவற்றை விலக்குகிறது. விபத்துக்கோ பழுதுக்கோ பின்னர், உரிய சீரமைப்பைச் செய்யாமல் வண்டியை இயக்கி அதனால் சேதம் கூடினால், அக்கூடுதல் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்றும் நிபந்தனை உண்டு. நீரில் நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்தார் என்ற காரணம் காட்டிக் கோரிக்கை மறுக்கப்படுவது பெரும்பாலும் இவ்விரு ஏற்பாடுகளின் துணைகொண்டுதான்.

ஹைட்ரோ லாக் என்ற சொல் சர்வேயரின் அறிக்கையில் இருப்பதனாலேயே மறுப்பு நியாயமாகிவிடாது. ஓடும் என்ஜின் வெள்ளநீரை விழுங்கிய நிகழ்வில் உரிமையாளர் பின்னர் செய்த செயல் எதுவும் இல்லை. வெள்ளத்திற்கும் சேதத்திற்கும் இடையில் வேறு காரணம் குறுக்கிடவும் இல்லை. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி வாதாட உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. நுகர்வோர் ஆணையங்களின் முடிவுகள் வழக்கின் சான்றுகளைப் பொறுத்து இரு பக்கமும் சென்றுள்ளன. ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் கூடுதல் காப்பு இந்த வாதத்தைப் பெருமளவு தவிர்ப்பதற்கென்றே தோன்றியது. தாழ்வான பகுதிகளிலும் தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம் கொண்ட குடியிருப்புகளிலும் வாழ்வோர் அதற்கான பிரீமியத்தைத் தயங்காமல் செலுத்தலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பெரும்பாலான நிறுவனங்கள் குறிப்பிட்ட வயதைக் கடந்த வண்டிக்கு இதனை வழங்குவதில்லை. நீர் புகுந்தது தெரிந்த பின்னரும் என்ஜினை இயக்கினால் இக்காப்பும் செல்லாது என்ற வரி சில பத்திரங்களில் உள்ளது. பிரீமியம் செலுத்துமுன் அவ்வரியைத் தேடிப் படித்துவிட வேண்டும்.

நீரில் வண்டி நின்றுவிட்டால் செய்யத்தக்கவை மிகச் சிலவே. சாவியைத் தொடாதிருத்தல், சக்கரங்களை உயர்த்தி ஏற்றிச்செல்லும் மீட்பு வண்டியை அழைத்தல், நீரின் உயரம் கதவிலும் சக்கரத்திலும் தெரியும்படி கைபேசியில் படமெடுத்தல், காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் அளித்தல். இவற்றைப் பலரும் அறிவர். பலர் கவனிக்கத் தவறுவது ஒர்க்‌ஷாப்பில் எழுதப்படும் ஜாப் கார்டு. வழக்கு வருமானால் அதுவே முதல் ஆவணம். வரவேற்பில் இருப்பவர் அவசரத்தில், ‘தண்ணீரில் நின்றது, ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எழுதுவார். வண்டியை எவரோ ஸ்டார்ட் செய்து பார்த்தார் என்று அவ்வரிக்குப் பொருள் கொள்ளப்படலாம். ‘ஓடிக்கொண்டிருக்கையில் நின்றது, அதன்பின் இயக்கவில்லை’ என்பதே நிகழ்ந்தது எனில், அவ்வாறே எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். நிகழாததை எழுதச் சொல்லுதல் தீங்காக முடியும். வண்டியின் கணினிப் பதிவு வேறு கதை சொன்னால், ஐயத்துக்கிடமாக இருந்த கோரிக்கை பொய்க் கோரிக்கையாகிவிடும்.

என்ஜினைத் திறப்பது சர்வேயரின் முன்னிலையில் நடைபெற வேண்டும். அவர் வருவதற்கு முன்பே ஒர்க்‌ஷாப் பிரித்துப் போட்டுவிட்டால் துருக்கோடும் கரிப்பட்டையும் வெறும் வாய்மொழியாகிவிடும். கழற்றிய ராடுகளை எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று எண்ணிட்டுப் பாதுகாக்கச் சொல்ல வேண்டும். கோரிக்கை தீரும்வரை அவற்றைப் பழைய இரும்புக்குப் போட அனுமதிக்கலாகாது. சர்வேயர் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறலாம். மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனையின்கீழ் மறுக்கப்படுகிறது என்பது குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மறுப்பை ஏற்க இயலாதவர் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்குக் கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் தேவையில்லை. 50 இலட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் விதிக்க இயலும். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வோருக்கு இரண்டாண்டு கால வரம்பு உண்டு. பழுது தயாரிப்புக் குறையால் நேர்ந்தது என்று வாதிடுவோர், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்குமாறு ஆணையத்தைக் கேட்க அச்சட்டம் இடமளிக்கிறது. பாதுகாத்து வைத்த ராடு அங்கேதான் பயன்படும்.

வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் மேலும் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும், வழக்கு நிலுவையில் இருந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை. தவணை தவறினால் கடன் தகுதி மதிப்பெண் குறையும். வருமான நெருக்கடி நேர்ந்தால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் பேசுவது பயனளிக்கும். கோரிக்கை ஏற்கப்பட்டாலும் முழுச் செலவும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டா. வழக்கமான பத்திரத்தில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிப்பர். மூன்றாண்டு கடந்து நான்காண்டு நிறையாத வண்டிக்கு அது 25 விழுக்காடு.

பழுதுநீக்கும் செலவு, பத்திரத்தில் குறிக்கப்பட்ட வண்டி மதிப்பான ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். ஆர்.சி.யிலும் பத்திரத்திலும் வங்கியின் பெயர் பதிவாகியிருப்பதனால், அத்தொகை முதலில் வங்கிக்கே வரும். ஐ.டி.வி. 5.5 இலட்சமும் கடன் நிலுவை 6 இலட்சமும் இருந்தால், எஞ்சிய அரை இலட்சத்தையும், கட்டாயக் கழிவாகப் பிடிக்கப்படும் ஆயிரம் அல்லது இரண்டாயிரம் ரூபாயையும் வாடிக்கையாளரே செலுத்த வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கையில் பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஐ.டி.வி.யைத் தாழ்த்திக் குறிக்க முகவர் யோசனை கூறினால், கடன் நிலுவை எவ்வளவு என்பதை வங்கிக் கணக்கறிக்கையில் பார்த்த பின்னரே அதற்கு இசைய வேண்டும்.